டபுள் எக்ஸ்எல் வாங்கியும் அம்மாவுக்கு ஏறவில்லை: நைட்டி அனுபவங்களைப் பகிருங்கள்

திருநகர்வாசி

நான்கு மாதம் ஆகிவிட்டது, மனத்தை விட்டுப் போகவில்லை. அம்மாவுக்கு வலது தோளில் எலும்பு முறிவு. மறுநாள் அறுவை சிகிச்சை. புடவை வேண்டாம், நைட்டி கொண்டு வாருங்கள் என்றார்கள். எதிரே இருந்த கடைக்கு ஓடினேன். அம்மா பருமனானவர், அதனால் சீட்டில் டபுள் எக்ஸ்எல் என்று பார்த்ததும் விரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கிவிட்டேன். தலை நுழைந்தது, கை நுழையவில்லை. முன்பக்கம் இருந்த மூன்று பொத்தான்களும் அழகுக்காகத் தைத்தவை, திறக்கவே திறக்காது. கடைசியில் செவிலியர் கத்தரிக்கோலை எடுத்துக் கழுத்திலிருந்து கை முனை வரை ஒரே வெட்டாக வெட்டினார். அவ்வளவு வலியிலும் அம்மா என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "புதுத் துணியாயிற்றே, என்ன விலை கொடுத்தாய்?"

உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

வேலூர் மருமகள்

எனக்கு நேர்ந்தது கல்யாணமான புதிதில். சித்திரை மாதம், வேலூர் வெயில். தோழிகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த சாட்டின் நைட்டி, மயில்கழுத்து நிறம். பெட்டியைத் திறந்தபோது அத்தனை அழகு. இரவு பதினொரு மணிக்கு மின்சாரம் போனது. முதுகில் ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்த்துப் பிய்த்து விட்டுக்கொண்டு பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். மாமியார் எழுந்து வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய், துவைத்துத் துவைத்து நூல் தெரியும் அளவுக்கு நைந்துபோன தன்னுடைய பருத்தி நைட்டியைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு அது தொளதொளவென்றுதான் இருந்தது. ஆனாலும் விடியும் வரை நன்றாகத் தூங்கினேன்.

கடைக்காரர்கள் சாட்டின் என்றால் பட்டு மாதிரி என்பார்கள். சாட்டின் என்பது நெசவின் பெயர். அந்த நெசவில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் பாலியஸ்டர் இழை. அது வியர்வையை உறிஞ்சாது.

தையல்காரி

திருநகர்வாசி, தவறு உங்களுடையது அல்ல. ஆனால் பெரிய அளவு வாங்கினால் சரியாகும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பதினெட்டு வருடமாக வீட்டில் நைட்டி தைத்துக் கொடுக்கிறேன். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அக்கா வருவார். புஜம் பருமன், தோள் குறுகல். கை பிடிக்கிறது என்று ஒவ்வொரு முறையும் ஓர் அளவு பெரிதாக வாங்கி வாங்கி, தோள்தையல் முழங்கை அருகே இறங்கிவிட்டது, கை இறுக்கம் மட்டும் போகவில்லை. அவருடைய அளவுக்கே ஒன்று தைத்து, அக்குளில் மூன்று அங்குலச் சதுரத் துண்டு ஒன்றைச் சாய்வாக வைத்து இணைத்தேன். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கைகளையும் மேலே தூக்கியவர் இறக்கவே இல்லை. "கொடியில் துணி போடும்போது இப்படித் தூக்கி எத்தனை வருடம் ஆயிற்று தெரியுமா?" என்றார்.

அதனால் சொல்கிறேன், சீட்டை நம்பாதீர்கள். போன வாரம்கூட டபுள் எக்ஸ்எல் என்று போட்ட இரண்டு நைட்டிகளை அளந்தேன். ஒன்றில் மார்புச் சுற்று 46 அங்குலம், மற்றதில் 50. கடையிலேயே மேசையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து இரட்டியுங்கள். உங்கள் மார்புச் சுற்றைவிட ஆறு முதல் எட்டு அங்குலம் கூடுதலாக இருந்தால் புரண்டு படுக்க வசதி. பத்தைத் தாண்டினால் துணி உடம்போடு சுருண்டு முறுக்கிக்கொள்ளும். பிறகு ஆம்ஹோல், அதாவது கை நுழையும் திறப்பு. அது தனி அளவு, அதை யாருமே பார்ப்பதில்லை. பிறகு நீளம். அகலம் வேண்டும் என்று பெரியதை எடுக்கும் குள்ளமான அம்மாக்கள் விளிம்பை மிதித்து விழுகிறார்கள். தோள் உச்சியிலிருந்து கணுக்காலுக்கு மேல்வரை அளந்து, அதற்கு மேல் இருப்பதை வெட்டி மடித்துத் தைத்துவிடுங்கள். பருத்தி சுருங்கும் என்பதால் ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும்.

எடுப்பாகத் தெரிய வேண்டுமா? மார்பு பெரியவர்கள் யோக்கிலிருந்து (தோளோடு சேர்ந்த மேல்துண்டு) சுருக்கம் விட்ட நைட்டியைத் தவிருங்கள். சுருக்கம் மார்பின் மேல் உட்கார்ந்து, அங்கிருந்து கூடாரம் மாதிரி விழும். தோளிலிருந்தே மெல்ல விரியும் ஏ-லைன் வெட்டுதான் அவர்களுக்கு நன்றாக இருக்கும். ஒல்லியானவர்களுக்கு அதே சுருக்கம் அழகு. சாயம் போகாமலிருக்க முதல் தடவை உப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள்.

சின்னாளப்பட்டிப் பேத்தி

தையல்காரி அக்கா, மற்றதெல்லாம் சரி, உப்பை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உப்பு சாயத் தொட்டியில் வேலை செய்யும். சாயம் இழையில் ஏறுவதற்காக அங்கே போடுவது அது. ஏறாமல் மேலே நிற்கும் சாயத்தை வீட்டு உப்பு பிடித்து வைக்காது. நான் உப்பில் ஊறவைத்த சிவப்புச் சுங்குடி நைட்டி, ஒரே வாளியில் இருந்த என் கணவரின் நான்கு வெள்ளை வேட்டிகளையும் ரோஜா நிறமாக்கியது. தனியாக, குளிர்ந்த நீரில், நீர் தெளியும்வரை அலசுவதுதான் ஒரே வழி.

இரட்டைக் குழந்தைகளின் தாய்

எல்லோரும் அளவைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஜிப் பற்றிச் சொல்கிறேன். பால் கொடுக்க வசதி என்று முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி ஆறு வாங்கினேன். இருபதாவது நாள் இரவு மூன்று மணி, விளக்குப் போடாமல் கொடுத்துக்கொண்டிருந்தேன். சின்னவள் வீறிட்டாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால் கன்னத்தில் ஜிப்பின் பல்வரிசை அப்படியே சிவப்பாகப் பதிந்திருந்தது. கீறவில்லை, காலையில் மறைந்துவிட்டது. ஆனால் இன்றும் அந்தக் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறேன், அவளுக்கு இப்போது ஐந்து வயது. வாங்குவதென்றால் ஜிப்பை மறைக்கும் துணிப்பட்டை உள்ளதாகப் பாருங்கள். அல்லது இரு பக்கமும் மறைவான திறப்பு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

கடலூர் ஆசிரியை

வீட்டில் போடுகிற உடைக்கு இவ்வளவு யோசனை தேவையா? பகலெல்லாம் நைட்டியோடு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போவதுதான் எனக்கு உறுத்துகிறது.

வேலூர் மருமகள்

ஆசிரியை அம்மா, மரியாதையோடு மறுக்கிறேன். 2018இல் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் தோக்கலபள்ளி கிராமத்துப் பெரியவர்கள், பகலில் நைட்டி அணியும் பெண்ணுக்கு 2,000 ரூபாய் அபராதம் என்று விதித்தார்கள். காட்டிக்கொடுப்பவருக்கு 1,000 ரூபாய் பரிசு. அடுப்படியில் வேகும் பெண்ணிடம் ஒருவரும் கேட்கவில்லை. தயவுசெய்து அந்தப் பேச்சை இங்கே ஆரம்பிக்க வேண்டாம்.

நாற்பத்தொன்பது

மாதவிடாய் நிற்கும் காலம் எனக்கு. இரவு இரண்டு மணிக்குத் திடீரென்று உடம்பு தீப்பிடித்ததுபோல் எரியும், அடுத்த நிமிடம் நனைந்துவிடுவேன். ரேயான் மெத்தென்று இருக்கிறதே என்று வாங்கினேன். ஈரமானதும் கனத்துத் தொங்கியது, ஈரத்தோடு இழுத்ததில் அக்குளில் கிழிந்தும் போனது. இப்போது மல்மல் என்ற மெல்லிய பருத்தித் துணி. கை இல்லாதது, கழுத்து அகலமானது. உள்ளே தெரிகிறது என்று மகள் குறை சொன்னாள், யோக்குக்கு மட்டும் உள்துணி கொடுத்துத் தைத்துக்கொண்டேன்.

திருநகர்வாசி

தையல்காரி அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, வெட்டிய அந்த நைட்டியைப் பீரோவிலிருந்து எடுத்து மேசையில் விரித்து அளந்தேன். மார்புச் சுற்று 50 இருக்கிறது. ஆம்ஹோல் ஒரு பக்கம் எட்டரை அங்குலம்தான். அம்மா அதைத் தூக்கிப் போடவிடவில்லை. வெட்டிய ஓரம் முழுவதும் மடித்து நாடா வைத்துத் தைத்தால் தோளில் கட்டிக்கொள்ளலாம் என்கிறார். கை இன்னும் தலைக்கு மேல் எழும்பவில்லை. கழுத்திலிருந்து கை முனை வரை எத்தனை நாடா வைத்தால், எவ்வளவு இடைவெளி விட்டால், படுக்கும்போது முடிச்சு அழுத்தாமல் இருக்கும்?