குவார்ட்டர்பேக்குக்கு இவ்வளவு அடிதடி, ரன்னிங் பேக்கை மட்டும் ஏன் காக்க வைக்கிறார்கள்?

புதுப்பார்வை:
அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் பார்க்க ஆரம்பித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட் இருக்கிறதே, நேற்று 2024 டிராஃப்டை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். முதல் 12 தேர்வுகளுக்குள், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகள் ஆறு பேர் போய்விட்டார்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக் முதல் ரவுண்டில் ஒருவர்கூட இல்லை. முதலில் போனவர் ஜோனதன் புரூக்ஸ், அதுவும் 46வது இடத்தில். அவருக்கும் சில மாதம் முன்புதான் முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது. பந்தோடு ஓடுபவரின் திறமை கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. குவார்ட்டர்பேக் தேர்வோ பாதி சூதாட்டம் என்கிறார்கள். தெரிந்த சரக்கை விட்டுவிட்டுத் தெரியாததற்கு ஏன் இந்தப் போட்டி?

நீலச்சட்டை:
நான் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் ரசிகன். என்னிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

2018இல் இரண்டாவது தேர்வு எங்கள் கையில். எங்கள் குவார்ட்டர்பேக் ஈலை மேனிங்குக்கு வயது 37. நாங்கள் எடுத்ததோ ரன்னிங் பேக் சக்வான் பார்க்லியை. அன்று இரவு சோபாவிலிருந்து குதித்தவன் நான், மறைக்கவில்லை. 233 பவுண்டு எடையோடு 40 யார்டை 4.40 விநாடியில் ஓடியவர். வெறும் வேகத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்பதால், எடையை 200ஆல் பெருக்கி, ஓடிய நேரத்தின் நான்காம் அடுக்கால் வகுக்கும் ஒரு கணக்கு உண்டு. 100 வந்தால் சராசரி. அதே 4.40ஐ 200 பவுண்டு ஆள் ஓடினால் 107 வரும்; பார்க்லிக்கு 124. குதிக்காமல் என்ன செய்வது?

நான் பார்க்கத் தவறியது சம்பளம். 2011இல் லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, புது ஆளின் சம்பளத்தைக் கிட்டத்தட்ட முடிவு செய்வது அவர் எத்தனையாவது ஆளாகப் போனார் என்பதுதான். என்ன இடத்தில் ஆடுகிறார் என்பது அதில் வராது. இரண்டாவது ஆளாகப் போன பார்க்லிக்கு நான்கு வருடத்துக்குச் சுமார் 3.1 கோடி டாலர். ரன்னிங் பேக்குக்கு அது அப்போதே பெரிய சம்பளம். அதே இடத்தில் ஒரு குவார்ட்டர்பேக் வந்திருந்தாலும் அதே காசுதான். ஆனால் தேறிய குவார்ட்டர்பேக்கை வெளியில் வாங்கப் போனால் விலை எங்கேயோ நிற்கும். 2024இல் குவார்ட்டர்பேக் டேக் பிரெஸ்காட்டுக்கு வருடத்துக்கு 6 கோடி டாலர். அந்த வித்தியாசத்துக்குத்தான் அணிகள் சூதாடுகின்றன. மிச்சமாகும் பணத்தில் மற்ற இடங்களுக்கு நல்ல ஆட்களை வாங்கலாம்.

அப்புறம், கண்ணுக்கு நேராகத் தெரிகிறது என்றீர்களே, அதிலும் ஒரு சிக்கல். ரன்னிங் பேக்கின் ஓட்டத்தில் பாதி, முன்னால் வழி திறந்துவிடும் ஐந்து பேருடையது. அதனால்தான் வீடியோ பார்ப்பவர்கள் மொத்த யார்டை ஓரமாக வைத்துவிட்டு, முதல் இடி விழுந்த பிறகு எத்தனை யார்டு எடுத்தார், எதிராளி பாய்ந்து வரும்போது தன் குவார்ட்டர்பேக்கைக் காப்பாற்றத் தெரிகிறதா, கல்லூரியிலேயே எத்தனை முறை அடிவாங்கித் தேய்ந்திருக்கிறார் என்று பார்க்கிறார்கள். அந்தத் தேய்மானம்தான் பெரிய பயம். பார்க்லிக்கு மூன்றாவது சீசனின் இரண்டாவது வாரத்திலேயே முழங்கால் போனது.

மூன்றாவதுடவுன்:
சம்பளக் கணக்கு சரி. ஆனால் குவார்ட்டர்பேக்கை எப்படித்தான் மதிப்பிடுகிறார்கள்? பின்னாளில் ஜாம்பவானான டாம் பிரேடி 2000இல் 40 யார்டை 5.28 விநாடியில் ஓடி 199வது ஆளாகப் போனார். 2023இல் சி.ஜே. ஸ்ட்ரவுட் ஒரு மூளைத்திறன் சோதனையில் குறைவாக எடுத்தார் என்று செய்தி கசிந்தது. அந்த வருடமே சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருது வாங்கினார். பத்துப் பேர் உட்கார்ந்து யோசித்தும் இதுதான் லட்சணம் என்றால், காசு சுண்டிப் பார்க்கலாமே.

நீலச்சட்டை:
சுண்டத்தான் செய்கிறார்கள், கொஞ்சம் விவரத்தோடு. ஸ்டாப்வாட்ச் இங்கே உதவாது. காலடியில் ஆள் விழும்போது கண் எங்கே இருக்கிறது, பந்தை வாங்க வேண்டிய முதல் ஆள் அடைபட்டால் இரண்டாவது ஆளிடம் எவ்வளவு சீக்கிரம் போகிறது, இதுதான் விஷயம். நேர்காணலில் போர்டில் ஆட்டத்தை வரையச் சொல்வதும் அதற்காகத்தான். இருந்தாலும் கல்லூரி ஆட்டத்தில் பலருக்குப் பாதி முடிவைப் பயிற்சியாளர் வெளியிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடுகிறார். அப்போது வீடியோவில் தெரிவது யாருடைய மூளை?

ஜோஷ் ஆலனைப் பாருங்கள். வயோமிங் பல்கலைக்கழகத்தில் எறிந்ததில் 56 சதவீதம்தான் போய்ச் சேர்ந்தது. அந்த எண்ணைப் பார்த்து நானே சிரித்தேன். 2018இல் ஏழாவது ஆளாக பஃபலோ அணி எடுத்தது, எறியும் முறையைப் பொறுமையாகத் திருத்தியது. 2020இல் 69 சதவீதம். அதே டிராஃப்டில் பத்தாவது ஆளாகப் போன ஜோஷ் ரோசனை அரிசோனா ஒரே வருடத்தில் கைவிட்டுவிட்டது. பின்னாளில் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய லமார் ஜாக்சனோ 32வது இடம் வரை உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவதுடவுன்:
ஆனால் 2023இல் ரன்னிங் பேக்குகள் பிஜான் ராபின்சன் எட்டாவது, ஜாமீர் கிப்ஸ் 12வது. இரண்டுமே நல்ல தேர்வுதானே?

நீலச்சட்டை:
ஆமாம், மறுக்கவில்லை. டெட்ராய்டில் கிப்ஸுக்கு முன்னால் வழி திறந்துவிட்ட வரிசையைப் பார்த்தீர்களா? வீட்டைக் கட்டிவிட்டுத் திரைச்சீலை வாங்கியவர்கள் அவர்கள். நாங்கள் சுவர் எழும்பும் முன்பே வாங்கினோம்.

புதுப்பார்வை:
அப்படியானால் பார்க்லி தவறான தேர்வா? 2024இல் 2,005 யார்டு ஓடினாரே!

நீலச்சட்டை:
ஓடினார், ஃபிலடெல்ஃபியா சட்டையில். எங்கள் பரம வைரி. லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலும் ஜெயித்தார். அங்கே அவருக்கு இடதுபக்கம் வழி திறந்துவிட்ட ஜோர்டன் மைலாட்டா, ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிக்கொண்டிருந்தவர். அமெரிக்கக் கால்பந்து ஒரு ஆட்டம்கூட ஆடாமல் டிராஃப்டுக்கு வந்தார். எந்த டிராஃப்ட் என்கிறீர்களா? அதே 2018தான். ஏழாவது ரவுண்டு, 233வது ஆள். அவர் பெயரை அறிவித்தபோது நான் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கியிருந்தேன்.