ஈய நைட்ரேட் கணக்கு: புதுப்பிப்பு

பினாங்கில் நான்காம் படிவம் படிக்கும் அக்கா மகளின் கணக்கை இங்கே போட்டிருந்தேன்: 6.62 கிராம் ஈய நைட்ரேட்டை முழுதும் சிதையும்வரை சூடாக்கினால் அறை நிலையில் எவ்வளவு வாயு வரும்? பதில்களில் சிலர் 0.24 லிட்டர், சிலர் 1.2.

டியூஷன் ஆசிரியரிடம் கேட்டாயிற்று. கேட்டிருப்பது மொத்த வாயு, ஆக 1.2தான். 0.24 ஆக்சிஜன் மட்டும். பழுப்பாகக் கிளம்பும் நைட்ரஜன் டை ஆக்சைடும் வாயுதானே அண்ணே!

சமன்பாட்டில் 2 மோல் (வேதியியலில் பொருளின் அளவை எண்ணும் அலகு) நைட்ரேட்டுக்கு 4 மோல் பழுப்பு வாயு, 1 மோல் ஆக்சிஜன், மிச்சம் 2 மோல் ஈய ஆக்சைடு. ஒரு மோல் நைட்ரேட் 331 கிராம் என்பதால் நம்மிடம் இருப்பது 0.02 மோல், அதிலிருந்து 0.04-உம் 0.01-உம் சேர்ந்து 0.05 மோல் வாயு, அதை எஸ்பிஎம் (மலேசியப் பள்ளித் தேர்வு) தாளில் அறை நிலையில் ஒரு மோல் வாயுவின் அளவாகத் தரும் 24 லிட்டரால் பெருக்கினால் முடிந்தது. சந்தேகம் இருந்தால் எடையைப் பாருங்கள்: குழாயில் மிஞ்சுவது 4.46 கிராம், போனது 2.16, அது 1.84-உம் 0.32-உம் சேர்ந்ததுதான்.

அப்புறம், தண்ணீருக்கு மேல் வாயுவைச் சேகரித்தால் என்ன என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பழுப்பு வாயு தண்ணீரோடு வினைபுரிந்து கரைந்துவிடும், ஜாடியில் நிற்பது பெரும்பாலும் ஆக்சிஜன்தான். பழுப்பு வாயு நச்சு, வீட்டில் யாரும் முயன்று பார்க்காதீர்கள்.