உலர்கிளட்ச் சரி, மற்றதற்கு என்ன சொல்?

கையேட்டை மொழிபெயர்ப்பவர், திங்கள் காலை

குழுவினருக்கு வணக்கம். பழைய மோட்டார் சைக்கிள்களைப் பிரித்துப் பூட்டிச் சீரமைக்கும் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஏழு இயல்கள் முடிந்தன. எட்டாவதில் வண்டி நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

எஞ்சினின் விசையைக் கியர்ப்பெட்டியோடு சேர்ப்பதும் விடுவிப்பதும் கிளட்ச். அது இரண்டு வகை. ஒன்றில் உராய்வுத் தட்டுகளும் எஃகுத் தட்டுகளும் எண்ணெயில் நனைந்தபடியே சுழலும். பழைய டிரையம்ஃப், என்ஃபீல்டு புல்லட் ஆகியவற்றில் எஞ்சினிலிருந்து கிளட்சுக்கு விசை கொண்டுவரும் பிரைமரி சங்கிலி ஓடும் பெட்டிக்குள் இருப்பது இது. மற்ற வகையில் எண்ணெய் படவே கூடாது. பிஎம்டபிள்யூவின் பழைய பாக்ஸர் வண்டிகளும் மோட்டோ குட்சி வி7 வண்டியும் இந்த இனம். இதற்கு உலர்கிளட்ச் என்றும் முதலாவதற்கு ஈரக்கிளட்ச் என்றும் எழுதிக்கொண்டே போனேன். அப்போது இந்த வாக்கியம் வந்தது:

"உலர்கிளட்ச் ஈரமானால் வழுக்கும், ஈரக்கிளட்ச் உலர்ந்தால் கருகும்."

படித்துப் பார்த்தால் விடுகதை போல இருக்கிறது. ஈரமான உலர்கிளட்ச் ஈரக்கிளட்ச் ஆகிவிடாதா என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வேன்? நல்ல சொல் தாருங்கள்.

பணிமனைக்காரர், திங்கள் மதியம்

கேட்கத்தான் செய்வார்கள், தம்பி. எண்ணெய் பட்டுக் கெட்ட கிளட்ச் வேறு, எண்ணெயிலேயே வாழப் பிறந்த கிளட்ச் வேறு. முன்னது நோய், பின்னது பிறவிக்குணம்.

1946இல் வந்த வின்சென்ட் ரேப்பிடை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சிறிய தட்டுக் கிளட்ச் ஒன்று முதலில் பிடிக்கும். அந்த விசை இரண்டு கட்டைகளை விரித்து டிரம்மில் அழுத்தும், டிரம் பிரேக்கைப் போலவே. அந்த அறை உலர்ந்தே இருக்க வேண்டும். சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தால் கட்டைகள் வழுக்கத் தொடங்கும். "கிளட்ச் ஈரமாகிவிட்டது" என்று வண்டிக்காரர் வருவார். உங்கள் கையேட்டில் ஈரக்கிளட்ச் என்பது நல்ல கிளட்சின் பெயர் என்றால், அவர் திரும்பிப் போய் நிம்மதியாக ஓட்டுவார்.

நாங்கள் ஆயில் கிளட்ச், டிரை கிளட்ச் என்போம். இதுவரை யாரும் குழம்பியதில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திங்கள் இரவு

அன்பர்களே, முதலில் அடிப்படைப் பிழையைக் களைவோம். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. "கிளட்ச்" என்பதில் இரண்டு வல்லின மெய்கள் கைகோத்து நிற்கின்றன. வடசொல்லையே வடவெழுத்து நீக்கித்தான் ஏற்க வேண்டும் என்கிறது தொல்காப்பியம். ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் என்ன சலுகை? குறைந்தது "கிளட்சு" என்றாவது எழுதுக. "விடுபற்றி" என்றால் இன்னும் நன்று. பற்றுவது மட்டும் அதன் வேலையன்று, விடுவதும்தான்.

இனி ஈரம். இச்சொல்லை இயந்திரத்துக்குத் தர எனக்கு மனமில்லை. "இன்சொலால் ஈரம் அளைஇ" என்ற குறளில் ஈரம் என்பது அன்பு. ஈரமில்லாத நெஞ்சம் என்று இன்றும் சொல்கிறோம். உங்கள் கணக்குப்படி உலர்கிளட்சு அன்பற்ற கிளட்சு ஆகிவிடும். அதன் இரைச்சலைக் கேட்டவர்கள் ஒப்புக்கொள்ளவும் கூடும், அது வேறு.

இயற்பியல் ஆசிரியை, செவ்வாய்

ஐயா, நெஞ்சின் ஈரத்தை விடுங்கள். வகுப்பில் ஈரம் என்றதும் மாணவர் மனத்தில் வருவது தண்ணீர். இங்கே தண்ணீருக்கு வேலையே இல்லை. தட்டுகளின் சூட்டை வாங்கிக்கொண்டு போவதும், பிடிக்கும்போது உதறலைத் தணிப்பதும் எண்ணெய். ஆகவே எண்ணெய் என்ற சொல் பெயருக்குள்ளேயே இருக்க வேண்டும். பிற்கால வண்டிகளில் எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் ஒரே எண்ணெய். உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உள்ள கார் எண்ணெயை அதில் ஊற்றினால் தட்டுகள் வழுக்கும். ஜாசோ எம்ஏ என்ற ஜப்பானியத் தரக்குறி எண்ணெய்க் குப்பியில் வந்ததே இதற்காகத்தான். பெயரில் எண்ணெய் இருந்தால், எந்த எண்ணெய் என்ற கேள்வியும் கூடவே வரும்.

"உலர்" என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. உலர்சலவையில் துணி நீர்மத்தில்தான் ஊறுகிறது, தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். ஆங்கிலத்தின் நிழலில் சொல் செய்தால் இப்படித்தான் ஆகும்.

பணிமனைக்காரர், செவ்வாய்

எனக்கும் அதே ஐயம். உலர்கிளட்ச் வினைத்தொகை என்பீர்கள். அதில் காலம் மூன்றும் மறைந்திருக்கும். உலர்ந்த, உலர்கின்ற, உலரும். வாங்கி வைத்தால் நாளடைவில் உலரும் என்று யாராவது காத்திருக்கப் போகிறார்கள். அது ஒரு காலத்திலும் நனைந்ததே இல்லை, ஐயா. நனையாக்கிளட்ச் என்பதே உண்மை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செவ்வாய் நள்ளிரவு

நனையா என்ற ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின் ஒற்று மிகுத்து எழுதிய பணிமனைத் தம்பிக்குப் பாராட்டு. இந்தக் காலத்தில் அரிது.

ஆனால் எண்ணெய் என்பது எள்+நெய். எள்ளிலிருந்து வந்தது மட்டுமே எண்ணெய். தேங்காய் எண்ணெய் என்பதே முரண். மண்ணெண்ணெய் அதைவிடப் பெரிய முரண், மண்ணுக்கும் எள்ளுக்கும் என்ன உறவு? பொதுப்பெயராக நிற்கத்தக்கது நெய். எனவே "நெய்தோய் விடுபற்றி".

"தோய்" என்பதன் அழகைப் பாருங்கள். நனைதல் அதன் ஒரு பொருள். பழுக்கக் காய்ச்சிய கத்தியை நீரில் தோய்ப்பது கொல்லர் வழக்கு. தொடுதல் இன்னொரு பொருள், வான்தோய் மலை. மூன்றாவது தழுவுதல். நனைவதும் இணைவதும் ஒரே வேரில்! கிளட்சு என்ற பொறியைத் தமிழன் கண்டுபிடித்திருந்தால் "தோயி" என்றே பெயர் வைத்திருப்பான். வேறு அடையே வேண்டியதில்லை.

பணிமனைக்காரர், புதன்

அப்படியானால் உலர்கிளட்சுக்குத் "தோயாத் தோயி" என்று வைக்கலாமா, ஐயா?

ஆனால் தழுவல் உண்மைதான். எண்ணெயில் நனையும் வகையில் இரவெல்லாம் நின்ற வண்டியின் தட்டுகள் எண்ணெய்ப் பசையில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். காலையில் கைப்பிடியை இழுத்துப் பிடித்தபடி கிக்கரை இரண்டு மூன்று முறை மிதித்துத் தட்டுகளைப் பிரித்துவிட வேண்டும். மறந்துவிட்டு எஞ்சினைக் கிளப்பி முதல் கியர் போட்டால் வண்டி துள்ளும், சில நேரம் எஞ்சின் அணைந்துவிடும்.

"நெய்" மட்டும் வேண்டாம். கையேட்டைப் படித்துவிட்டு உண்மையிலேயே நெய் ஊற்றிய வண்டியைச் சரிசெய்ய என்னால் ஆகாது.

கையேட்டை மொழிபெயர்ப்பவர், புதன்

"ஊறுகிளட்ச்" எப்படி? பழைய டிரையம்ஃபில் தட்டுகளில் பதித்த தக்கைத் துண்டுகள் எண்ணெயில் ஊறியபடியே பிடிப்பவை. எண்ணெய் வற்றினால் கருகுபவையும் அவைதான்.

இயற்பியல் ஆசிரியை, புதன்

ஊறு என்றால் தீங்கு என்றும் பொருள். "ஊறுகிளட்சைக் கழற்றுக" என்று படித்தால் நல்ல கிளட்சைக் கழற்றி எறிந்துவிடுவார்கள்.

என் தீர்ப்பு: எண்ணெய்தோய் கிளட்ச், உலர்கிளட்ச். எள்ளை யாரும் இப்போது தேடுவதில்லை, ஐயா மன்னிக்க வேண்டும். நனையாக்கிளட்ச் பொருளில் சரி. ஆனால் "நனையாக்கிளட்ச் நனைந்தால்" என்று எழுத வேண்டிவரும், பழைய விடுகதையே திரும்பும்.

மட்டுறுத்துநர், வியாழன் காலை

நாற்பத்தொரு மடல்கள் ஆகிவிட்டன. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எண்ணெய்தோய் பக்கம் ஒன்பது பேர், நெய்தோய் பக்கம் இருவர், ஆயில் கிளட்ச் போதும் என்பவர் மூவர். எஞ்சியோர் வேற்றுமைத்தொகை பற்றி மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

கையேட்டை மொழிபெயர்ப்பவர், வியாழன் இரவு

அனைவருக்கும் நன்றி. எண்ணெய்தோய் கிளட்ச், உலர்கிளட்ச் என்றே அனுப்புகிறேன். முதல் முறை வரும் இடத்தில் பணிமனை வழக்கையும் சேர்த்திருக்கிறேன். விடுகதை அவிழ்ந்தது சொல்லால் அல்ல, வினையால்தான். ஈரமாவதையும் உலர்வதையும் எடுத்துவிட்டேன்:

"உலர்கிளட்சில் எண்ணெய் பட்டால் வழுக்கும், எண்ணெய்தோய் கிளட்சில் எண்ணெய் வற்றினால் தட்டுகள் கருகும்."

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வியாழன் இரவு

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். உடன்படவில்லை. "கிளட்சு" என்று உகரம் சேர்க்க இன்னும் ஓர் இரவு இருக்கிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

பணிமனைக்காரர், வெள்ளி காலை

தம்பி, ஒன்று கேட்க மறந்தேன். நார்ட்டன் கமாண்டோவில் சங்கிலிக்கு எண்ணெய் வேண்டும், அதே பெட்டிக்குள்தான் கிளட்சும் இருக்கிறது. ஆனால் தட்டுகளில் எண்ணெய் ஏறிவிட்டால் வழுக்குகிறது, கழற்றிக் கழுவ வேண்டியிருக்கிறது. அதை எந்தத் தலைப்பின்கீழ் வைத்தீர்கள்?

கையேட்டை மொழிபெயர்ப்பவர், வெள்ளி மாலை

அடிக்குறிப்பில்.