பனையடியில் குடிக்கும் அக்கானிக்கும் வீட்டில் குடிக்கும் அக்கானிக்கும் சுவை ஏன் மாறுகிறது?

தக்கலைவாசி (கேள்வி):

நண்பர்களுக்கு வணக்கம். பங்குனி, சித்திரை மாதங்களில் வில்லுக்குறிப் பக்கம் பனையடியில் நின்று ஓலைப் பட்டையில் அக்கானி (பதநீர்) குடிப்பது எங்கள் குடும்ப வழக்கம். அதே கலயத்திலிருந்து தூக்குவாளியில் வாங்கி வந்து பிரிட்ஜில் வைத்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் குடித்தால் அந்த இனிமையும் இல்லை, மணமும் இல்லை. "எல்லாம் மனசுதான்" என்கிறார் என் மனைவி. பல காலம் பனையேறிய என் மாமனாரோ, அக்கானி நேரத்துக்கு நேரம் மாறும், மனசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிறார். உணவின் சுவையில் சூழலுக்கும் எதிர்பார்ப்புக்கும் பங்கு உண்டு என்று உளவியலில் ஆய்வுகள் நடந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த இருவரில் யார் பக்கம் உண்மை இருக்கிறது? மனம்தான் காரணம் என்றால், பனையடியில் நான் அனுபவிக்கும் சுவை வெறும் மயக்கம்தானா?

கருங்கல் வேதியியல் ஆசிரியை:

மனத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முன்பு பொருளைக் கவனிக்க வேண்டும். உங்கள் மாமனார் சொல்வதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது நொதித்தலைத் தடுப்பதற்காகத்தான். அந்தச் சுண்ணாம்பு குறைந்தால் காலையில் இறக்கிய அக்கானி வெயில் ஏற ஏறப் புளிக்கத் தொடங்கிவிடும். அடுத்தது பிரிட்ஜ். நாவில் இனிப்பை உணர்த்தும் செல்களில் உள்ள டி.ஆர்.பி.எம்.5 என்ற புரத வாயில், வெப்பம் கூடும்போது கூடுதலாகவும் குளிரும்போது குறைவாகவும் இயங்குகிறது என்பது 2005இல் காட்டப்பட்டது. உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டுவதற்கும் குளிர்ந்த அக்கானி சப்பென்று இருப்பதற்கும் காரணம் ஒன்றே. குளிரில் மணப்பொருள்கள் ஆவியாவதும் குறையும். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி, விழுங்கும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணம்தான் என்பதால், இந்த இழப்பு சிறியதன்று.

பச்சை ஓலைக்கும் தனக்கென ஒரு மணம் உண்டு. பட்டையில் குடிக்கும்போது மூக்கு அதற்குள்ளேயே இருக்கிறது. இன்னொன்றையும் கேட்க வேண்டும்: பனையடியில் உங்களுக்கு மாங்காய் நறுக்கிப் போட்டுக் கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் இந்த விவாதமே வேண்டியதில்லை.

நாகர்கோவில் உளவியல் மாணவன்:

ஆசிரியை அவர்கள் சொன்ன அனைத்தையும் சரிசெய்த பிறகும் ஒரு மீதி நிற்கும் என்றே கருதுகிறேன்.

2008இல் வெளிவந்த ஒரு பிரிட்டன் ஆய்வில், புகையூட்டிய சால்மன் மீனால் செய்த ஐஸ்கிரீமைச் சிலருக்கு "ஐஸ்கிரீம்" என்று சொல்லியும், வேறு சிலருக்கு "உறையவைத்த உப்புச் சுவைக் கூழ்" என்ற பொருளில் பெயர் சொல்லியும் கொடுத்தார்கள். பொருள் ஒன்றே. ஆனால் ஐஸ்கிரீம் என்று கேட்டவர்கள் அதை வெறுத்ததோடு, உப்பு மிகுதி என்றும் சொன்னார்கள். மற்றவர்கள் இயல்பாக ஏற்றுக்கொண்டார்கள். இனிப்பை எதிர்பார்த்த நாவுக்கு உப்பு வந்தபோது, அந்த உப்பின் அளவே கூடுதலாக உணரப்பட்டது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கண்ணாடித் தம்ளரில் சில்லென்று வரும் அக்கானி, சர்பத் அளவுக்கு இனிப்பை எதிர்பார்க்க வைத்து ஏமாற்றமளிக்கிறதோ என்பது என் ஊகம்.

அதைவிட நுட்பமான ஆய்வு ஒன்று அமெரிக்காவில், மாசசூசெட்ஸில் உள்ள மதுக்கூடங்களில் நடந்து 2006இல் வெளியானது. பீரில் சில துளி பால்சாமிக் வினிகர் கலந்து கொடுத்தார்கள். கலப்படம் தெரியாதவர்களில் பெரும்பாலோர் வினிகர் கலந்ததையே விரும்பினார்கள். குடிக்கும் முன்பே சொல்லப்பட்டவர்களிடம் அந்த விருப்பம் வெகுவாகக் குறைந்தது. குடித்து முடித்த பின்பு சொல்லப்பட்டவர்களிடமோ அப்படிக் குறையவில்லை. அறிவு வெறும் தீர்ப்பை மட்டும் மாற்றுமானால், முன்னால் சொன்னாலும் பின்னால் சொன்னாலும் விளைவு ஒன்றாக இருந்திருக்க வேண்டும். முன்னால் தெரிந்தால் மட்டுமே மாறுகிறது என்றால், அது குடிக்கும் அனுபவத்துக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது என்று பொருள்.

ஆகவே "வெறும் மயக்கமா" என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், இல்லை என்பதே. 2008இல் நடந்த வேறொரு ஆய்வில், ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, விலை கூடியதாகச் சொல்லப்பட்ட வேளையில் மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய முன்பகுதி ஒன்றின் செயல்பாடும் கூடியது. இன்பம் நடந்திருக்கிறது; அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் பொய்.

குளச்சல் கடலோரன்:

தம்பி சொன்ன கடைசி வரிதான் எனக்கு உறுத்துகிறது. காரணம் பொய்யாக இருக்கும் இன்பத்தை வியாபாரிகள் விற்கத் தெரிந்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விலை தெரியாமல் நடத்தப்பட்ட 6000க்கும் மேற்பட்ட ஒயின் சுவைப்புகளைத் தொகுத்துப் பார்த்த 2008ஆம் ஆண்டு ஆய்வில், பயிற்சி இல்லாதவர்கள் விலை கூடிய ஒயினைக் கூடுதலாக விரும்பவில்லை. சற்றுக் குறைவாகவே விரும்பினார்கள். கடற்காற்று வீசும் உணவகத்தில் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) சாளை மீன் கறியும் மூன்று மடங்கு விலைக்குப் போவதன் சூட்சுமம் இதில் இருக்கிறது.

இத்துறை ஆய்வுகள் எல்லாவற்றையும் வேதவாக்காகக் கொள்ளவும் கூடாது. தட்டின் அளவு, தானாக நிரம்பும் சூப்புக் கிண்ணம் போன்றவை நாம் உண்ணும் அளவை மாற்றும் என்ற ஆய்வுகளால் புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வாளர் பிரையன் வான்சிங்க் மீது 2018இல் கார்னெல் பல்கலைக்கழகமே ஆய்வு முறைகேட்டை உறுதிசெய்தது. அவருடைய கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டன.

தக்கலைவாசி:

மாங்காய் போட்டார்கள் என்பது உண்மைதான், வீட்டில் போடுவதில்லை. ஆனால் மாங்காய் இல்லாத நாளிலும் வேறுபாடு தெரிகிறதே. ஓலையின் பங்கையும் எதிர்பார்ப்பின் பங்கையும் வீட்டிலேயே பிரித்துப் பார்க்க வழி உண்டா?

கருங்கல் வேதியியல் ஆசிரியை:

உண்டு. ஒரே கலயத்து அக்கானியில் பாதியைப் பட்டையில் ஊற்றிச் சிறிது நேரம் வைத்துவிட்டு, ஒரே மாதிரியான எவர்சில்வர் தம்ளர்களுக்கு மாற்றுங்கள். மறுபாதி ஓலையைத் தொடவே வேண்டாம். இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும், பிரிட்ஜ் கூடாது. மூன்று தம்ளர்களில், இரண்டில் ஒரே வகையும் ஒன்றில் மற்றதுமாக வைத்து, எது தனித்தது என்று கேளுங்கள். ஊற்றுபவரும் கேட்பவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். இல்லையென்றால் கேட்பவரின் முகத்தைப் பார்த்தே விடை சொல்லிவிடுவார்கள். ஆறு முறை நடத்தினால் ஐந்து முறையாவது சரியாகச் சொல்ல வேண்டும். வெறும் ஊகத்தால் அப்படி அமையும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. நான்கு முறை மட்டும் சரி என்றால் அது போதாது. ஊகத்திலேயே ஏறத்தாழப் பத்தில் ஒரு தடவை அந்த அளவுக்கு வந்துவிடும்.

ஓலையின் பங்கு இதில் தெரிந்துவிடும். எதிர்பார்ப்பைச் சோதிக்க, தம்பி சொன்ன பீர் ஆய்வின் முறையையே பின்பற்றலாம்: ஓலை படாத அக்கானியையே எல்லாருக்கும் கொடுத்து, "இது இப்போதுதான் பனையிலிருந்து இறக்கியது" என்று சிலரிடம் குடிக்கும் முன்பும், சிலரிடம் குடித்த பின்பும் சொல்லிப் பாருங்கள். மாமனாரை முதல் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இறக்கிய நேரத்தை அவரிடம் மாற்றிச் சொன்னால் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்.