ஏற்காடு ஏற்றத்தில் வண்டி திணறுகிறது: ஏர் ஃபில்டரா, கார்புரேட்டரா?

கேள்வி (கன்னங்குறிச்சி)

வணக்கம். நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை. வாரத்தில் நான்கைந்து நாள் ஏற்காடு ஏறி இறங்குகிறேன். வண்டி பழைய 150 சிசி ட்ரெயில் பைக் (மண் பாதையிலும் ஓட்டுகிற வகை). பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர், உள்ளே போகும் காற்றில் தூசியை வடிக்கும் ஸ்பாஞ்ச் ஏர் ஃபில்டர். போன வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன்.

இரண்டு வாரமாக ஒரே தொல்லை. அடிவாரத்தில் நன்றாக இழுக்கிறது. பத்தாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் இரண்டாவது கியரில்கூடத் திணறுகிறது. ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகினால் வேகம் எடுக்காமல் அடைத்துக்கொள்கிறது. லிட்டருக்கு 40 கொடுத்த வண்டி இப்போது 30-ஐத் தொடவில்லை. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு.

பட்டறையில் ஃபில்டரை எடுத்து, கம்ப்ரஸர் காற்றில் ஊதி மாட்டிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் சரியாக ஓடியது, மறுபடி அதே கதை. ஃபில்டரையே கழற்றிவிட்டு ஓட்டிப் பார் என்கிறான் நண்பன். செய்யலாமா? இந்த வண்டியை நம்பித்தான் என் வேலையே இருக்கிறது.

பதில் (அயோத்தியாப்பட்டணம்)

கழற்றிவிட்டு மட்டும் ஓட்டாதீர்கள் தம்பி. தோட்டப் பாதையில் கிளம்பும் செம்மண் தூளில் மணலும் கலந்திருக்கும். அது சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் ரிங்குக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. அப்புறம் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் பலம்) போய், எஞ்சின் ஆயிலைக் குடித்து நீலப் புகை விட ஆரம்பித்துவிடும். ஒரு ஸ்பாஞ்சின் விலை எங்கே, சிலிண்டர் போரிங் செலவு எங்கே?

பிளக் கறுப்பு, மைலேஜ் குறைவு, முழு ஆக்ஸிலேட்டரில் அடைப்பு: மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் காற்று போதவில்லை, பெட்ரோல் மட்டும் அளவுக்கு மேல் போகிறது. முதலில் ஃபில்டர், பிறகு கார்புரேட்டர்.

பதில் (ஓமலூர்)

நான் கருப்பூர்ப் பக்கம் மேக்னசைட் சுரங்கத் தூளில் தினமும் ஓட்டுகிறவன். உங்கள் ஸ்பாஞ்ச் சிவப்பாக இருக்கும், என்னுடையது வெள்ளை பூத்து வரும். ஆகவே இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு.

ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் காற்றில் ஊதுவதே தப்பு. தூசியைப் பிடிப்பது ஸ்பாஞ்சில் ஊறியிருக்கும் எண்ணெய்தான். பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும் தூசி காற்றுக்கு வராது. அழுத்தம் அதிகமானால் ஸ்பாஞ்சும் கிழியும்.

கழற்றும் முன் ஏர் பாக்ஸை, அதாவது ஃபில்டர் இருக்கும் பெட்டியைச் சுற்றி ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஃபில்டரை எடுத்த உடனே, கார்புரேட்டருக்குப் போகும் துளையில் சுத்தமான துணியைச் செருகி அடையுங்கள். ஸ்பாஞ்சை அதன் கூட்டிலிருந்து உருவி, ஒரு டப்பாவில் சீமெண்ணெய் ஊற்றி முக்கிப் பிழியுங்கள். பிழிவது என்றால் உள்ளங்கையில் வைத்து அழுத்துவது மட்டும்தான். ஈரத்துணியை முறுக்குகிற மாதிரி முறுக்கினால் ஒட்டுத் தையல் விட்டுவிடும். பெட்ரோலில் கழுவவே வேண்டாம், தீப்பிடிக்கும் ஆபத்து ஒருபுறம், ஸ்பாஞ்சின் பசையையும் அது கெடுக்கும். சீமெண்ணெய் தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று தடவை மாற்றுங்கள். பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். ஈரம் கொஞ்சமும் இருக்கக்கூடாது, இருந்தால் எண்ணெய் அங்கே பிடிக்காது.

அடுத்ததுதான் முக்கியம், பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். ஃபில்டர் ஆயில் போடாத ஸ்பாஞ்ச் வெறும் சல்லடை. ஆயிலை ஊற்றி, எல்லா இடமும் ஒரே நிறமாகும்வரை பிசைந்து, மிச்சத்தைப் பிழிந்து எடுங்கள். தொட்டால் விரலில் ஒட்ட வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டச் சொட்டப் போட்டால் அதுவே காற்றை அடைக்கும். ஃபில்டர் ஆயில் கிடைக்காவிட்டால் 80-90 கியர் ஆயில் போடலாம், பழைய ட்ரெயில் வண்டிகள் சிலவற்றின் கையேட்டிலேயே அப்படித்தான் இருக்கும்.

பதில் (ஆத்தூர்)

இடையில் ஒரு சந்தேகம். என் வண்டியில் பேப்பர் ஃபில்டர். அதையும் சோப்பில் கழுவலாமா?

பதில் (ஓமலூர்)

கூடவே கூடாதுங்க. தண்ணீரும் வேண்டாம், ஆயிலும் வேண்டாம். உலர்ந்த பேப்பர் என்றால் மெதுவாகத் தட்டி, குறைந்த அழுத்தக் காற்றை உள்பக்கத்திலிருந்து வெளியே ஊதலாம். கம்பெனியிலேயே ஆயில் தோய்த்து வரும் பேப்பர் என்றால் அதுவும் கிடையாது, கெடு வந்ததும் புதிது மாற்ற வேண்டியதுதான். தூசியில் ஓட்டுகிறவர்கள் கெடுவுக்கு முன்பே மாற்றுவது நல்லது.

கேட்டவர் (கன்னங்குறிச்சி)

நேற்று ஞாயிற்றுக்கிழமை, நிதானமாகத் திறந்தேன். ஸ்பாஞ்சைக் கிள்ளிப் பார்த்தால் துணுக்குத் துணுக்காக விரலோடு வந்தது. கழுவும் நிலையில் இல்லை. ஏர் பாக்ஸ் அடியில் கால் டம்ளர் தண்ணீர் தேங்கியிருந்தது. தண்ணீர் வடிய ஒரு சின்ன ரப்பர் குழாய் தொங்குமே, அதன் வாயைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது! கோடை மழையில் போன தண்ணீர் அப்படியே நின்று ஸ்பாஞ்சை ஊற வைத்திருக்கிறது. குச்சியால் குத்தி எடுத்துவிட்டேன்.

ஆனால் ஒன்று பயமாக இருக்கிறது. ஃபில்டருக்குப் பின்னால், கார்புரேட்டர் பக்கத்து ரப்பர் குழாயை வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் செம்மண் இழுகியது.

பதில் (அயோத்தியாப்பட்டணம்)

அந்தப் பக்கம் ஒரு பொட்டுத் தூசிகூட இருக்கக்கூடாது. வெள்ளைத் துணியால் பார்த்தது நல்ல வேலை. ஸ்பாஞ்ச் சிதைந்ததால் வந்திருக்கலாம், விளிம்பு சரியாக உட்காராமலும் வந்திருக்கலாம். அந்த ரப்பரை வளைத்து வெடிப்பு இருக்கிறதா பாருங்கள், கிளாம்பை இறுக்குங்கள். புது ஸ்பாஞ்ச் மாட்டும்போது ஏர் பாக்ஸைத் தொடும் விளிம்பு முழுக்கக் கிரீஸ் தடவுங்கள். அடுத்த முறை திறக்கையில் அந்தக் கிரீஸ் வளையத்தைத் தாண்டித் தூசிக் கோடு போயிருந்தால் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும்.

கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள். எஞ்சின் ஆயிலையும் மாற்றி, ஒரு மாதம் அளவு குறைகிறதா என்று கவனியுங்கள். குறையாவிட்டால் ரிங் தப்பித்தது.

கேட்டவர் (கன்னங்குறிச்சி)

சொன்னபடியே எல்லாம் செய்து மாட்டினேன். இன்று காலை பத்தாவது வளைவை மூன்றாவது கியரில் ஏறினேன் அண்ணா! மனசு லேசாகிவிட்டது. மேலே ஊருக்குள் போனதும் மட்டும் துளி மந்தம் தெரிகிறது. இன்னும் ஏதாவது அடைப்பு இருக்குமா?

பதில் (ஓமலூர்)

அது அடைப்பில்லை, உயரம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். சேலத்தைவிட அங்கே காற்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் மெல்லிசு. கார்புரேட்டருக்கு அது தெரியாமல் கீழே ஊற்றிய பெட்ரோலையே மேலேயும் ஊற்றும். நீங்கள் தினமும் இறங்கியும் வருவதால் மேலுக்கென்று ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளை) மாற்ற வேண்டாம், மாற்றினால் அடிவாரத்தில் பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் சூடாகும்.

இரண்டு ஸ்பாஞ்சாக வாங்கி வையுங்கள். ஒன்றைக் கழுவி, ஆயில் போட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டால், மேலே பனியில் ஸ்பாஞ்ச் காயவில்லையே என்று காத்திருக்க வேண்டியதில்லை. அறுவடை நாளில் லாரி, ஜீப் தூசியில் பின்னால் ஓட்டினால் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். கூடவே அந்த வடிகுழாயையும்.