கோல்ஃப் ஆப்: 150 குச்சியில் நின்றால் 138 காட்டுது, நெட் ஸ்கோரும் இடிக்குது

ஸ்லைஸ்_மன்னன் கேட்டது:

ஆண்ட்ராய்டு போனில் தூரம் பார்க்க, ஸ்கோர் போட இரண்டுக்கும் ஒரே இலவச ஆப். ஆடுவது சென்னையில். நாலு குழப்பம், ஒன்றாகவே கேட்டுவிடுகிறேன்.

1. 150 யார்டு குச்சி (கிரீன், அதாவது குழி இருக்கும் புல்தரை, இன்னும் 150 யார்டு என்று காட்டும் அடையாளம்) பக்கத்தில் நின்றால் 136, 138, 137 என்று வருது. 11வது ஹோலில் மட்டும் அதே குச்சியில் 161.
2. ஆறாவது கிரீன் அருகே போனாலே ஆப் தானாக 14வது ஹோலுக்குத் தாவிவிடும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஹோல்.
3. 14வது ஹோல் வரும்போது பேட்டரி 15 சதவீதம்.
4. என் ஹேண்டிகேப் இண்டெக்ஸ் (ஆட்டத் திறனுக்கான எண்) 18.4. கிராஸ் (மொத்த அடி) 92 அடித்தால் ஆப் நெட் (ஹேண்டிகேப் கழித்தது) 74 என்கிறது, கிளப் போர்டில் 73. எது சரி?

தூரம் அளக்கும் லேசர் வாங்குங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். இப்போதைக்கு போன்தான்.

---

யார்டு_கணக்கு:

முதல் கேள்விக்கு விடை உங்க எண்ணிலேயே இருக்கு சார். 150 யார்டு என்றால் 137 மீட்டர். எல்லா ஹோலிலும் 136, 137, 138 வருதுன்னா ஜிபிஎஸ் அருமையா வேலை செய்யுது, ஆப் மீட்டர்ல ஓடுது, அவ்வளவுதான். செட்டிங்ஸில் அளவு அலகை யார்டுக்கு மாத்துங்க. போன் மொழி, நாடு பார்த்து சில ஆப் தானா மீட்டரை எடுத்துக்கும்.

பொதுவா ஒண்ணு சொல்லிடறேன், இதுக்கப்புறம் நீங்களே கண்டுபிடிச்சுக்கலாம். தப்பு எப்படி வருதுன்னு பாருங்க. எல்லா ஹோலிலும் ஒரே விகிதத்தில் குறைஞ்சா அலகு. ஒரே ஒரு ஹோலில் மட்டும், எப்பப் போனாலும் அதே அளவு தப்புன்னா அந்த ஹோலோட வரைபடம், இல்லைன்னா குச்சியே இடம் மாறி நிக்குது. அதே இடத்தில் நின்னும் எண் ஆடிக்கிட்டே இருந்தா போனோட ஜிபிஎஸ். மூணுக்கும் மருந்து வேற வேற. ஆப்பை அழிச்சுட்டு இன்னொண்ணு போடறதால மூணில் ஒண்ணுதான் தீரும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தா.

11வது ஹோல் இரண்டாவது வகை. 161 மீட்டர்னா 176 யார்டு. அதாவது ஆப் நினைக்கிற கிரீன் நடு, குச்சி சொல்ற நடுவிலிருந்து 26 யார்டு தள்ளி இருக்கு. கிரீனைப் புதுசா போட்டு முன்னாடி இழுத்திருப்பாங்க, ஆப்பில் பழைய செயற்கைக்கோள் படம் வச்சு வரைஞ்சது அப்படியே கிடக்கும். அடுத்த முறை பட் போட்டு முடிச்சதும் அந்தக் கிரீனோட நட்டநடுவில் போனை வச்சுக்கிட்டு நில்லுங்க. 'நடு' எண் 5க்குள்ள வரணும். 25 வந்தா வரைபடம் தப்பு. எந்தப் பக்கம் தப்புன்னு தெரிய பின் விளிம்பை நோக்கி பத்தடி நடங்க. எண் குறைஞ்சா ஆப்போட கிரீன் பின்னால இருக்கு. ஏறினா முன்னால. பின்னால குரூப் காத்திருந்தா இந்த வேலையை வச்சுக்காதீங்க, மத்தியானம் காலியா இருக்கிறப்போ செய்ங்க.

குச்சி சந்தேகமா இருந்தா வீட்டில் கூகுள் எர்த் திறந்து, ரூலரில் குச்சி இருக்கிற இடத்திலிருந்து கிரீன் நடு வரை இழுத்துப் பாருங்க. ஆனா அந்தப் படம் எடுத்த தேதியையும் பாருங்க, அதுவும் பழசா இருக்கலாம். இன்னொண்ணு: சில பழைய கோர்ஸில் குச்சி கிரீனோட முன் விளிம்புக்குத்தான் அளந்து வச்சிருப்பாங்க. பை தூக்கற கேடிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சது.

---

ஸ்லைஸ்_மன்னன்:

அலகுதான்! யார்டுக்கு மாற்றியதும் 149, 151 என்று வருது. 11வது கிரீன் நடுவில் நின்றேன், 24 காட்டியது, பின்னால் நடந்தால் குறைந்தது. அதை எப்படித் திருத்துவது? இலவச ஆப்பில் கிரீனை நகர்த்த வழி தெரியவில்லை. கொடி இருக்கும் இடத்தையும் ஆப் காட்டவில்லையே?

---

யார்டு_கணக்கு:

வரைபடத் திருத்தம் ஆப்காரங்க கையில். மெனுவில் 'கோர்ஸ் பிழை தெரிவிக்க' மாதிரி ஒண்ணு இருக்கும். அதில் ஹோல் எண், எத்தனை யார்டு, முன்னாலயா பின்னாலயா, மூணையும் எழுதுங்க. சும்மா 'தூரம் தப்பு' ன்னு எழுதினா ஒண்ணும் நடக்காது. அதுவரைக்கும் 11ல் 24 கழிச்சுக்கோங்க, கார்டு ஓரத்தில் குறிச்சு வச்சாப் போதும்.

கொடி இருக்கிற இடம் ஜிபிஎஸ்க்குத் தானா தெரியாது. தினம் மாத்தறது அது. ஆப் தர்றது முன், நடு, பின் மூணே எண். பலர் நடுவை மட்டும் பார்த்து அடிக்கிறாங்க, அங்கதான் நஷ்டம். கிரீன் 30 யார்டு ஆழம்னு வைங்க: முன் 142, நடு 157, பின் 172. கொடி முன்னால இருந்தா 148, பின்னால இருந்தா 167. ஒரு மட்டைக்கும் (கிளப்) அடுத்ததுக்கும் 10-12 யார்டு வித்தியாசம்னா இது முழுசா ஒன்றரைக் கிளப். பல கோல்ஃப் கிளப்பில் கொடி நிறம் வச்சே சொல்லுவாங்க, சிவப்பு முன், வெள்ளை நடு, நீலம் பின். உங்க கிளப் வழக்கம் என்னன்னு கேட்டுக்கோங்க. படத்தில் விரல் வச்சு இலக்கை நகர்த்த முடியற ஆப்னா அந்த இடத்துக்கு இழுத்தா தூரம் வந்துடும். முன்னால பங்கர் (மணல் குழி) இருந்தா கொடியை மறந்துட்டு பங்கரோட கிரீன் பக்க உதட்டுக்கு இழுங்க. அதைத் தாண்டணுமா இல்லையா, அதான் முதல் கேள்வி.

போனை பக்கியில் (கோல்ஃப் வண்டி) மாட்டியிருக்கிறவங்களுக்கு: தூரம் போன்லேருந்துதான், பந்துலேருந்து இல்லை. பாதை 30 யார்டு பக்கவாட்டில் இருந்தா 150க்கு 153தான் காட்டும், பரவாயில்லை. அதே 30 யார்டு விலகல் 60 யார்டு ஷாட்டில் 67 ஆயிடும். பந்துக்கு 15 யார்டு பின்னால பக்கியை நிறுத்தினா 15ம் முழுசா தப்பு. போனை எடுத்துக்கிட்டு பந்துகிட்ட நடங்க.

---

சார்ஜர்_சாமி:

பேட்டரி, தாவல் இரண்டுக்கும் நான்.

பேட்டரியைத் தின்பது ஜிபிஎஸ் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வெயிலில் முழு வெளிச்சத்தில் எரியும் திரைதான் பெரிய தீனிக்காரன். ஆப்பில் 'திரை அணையாமல் இரு' என்று ஒரு தேர்வு இருக்கும், அதை அணையுங்கள். பந்துக்குப் போனதும் திரையை எழுப்பி, பதினைந்து இருபது வினாடி கொடுத்து, எண் நின்றதும் பாருங்கள். எழுப்பியவுடன் வரும் முதல் எண் நீங்கள் முன்பு நின்ற இடத்தினுடையதாக இருக்கலாம்.

கிளம்பும் முன் வீட்டு வைஃபையில் கோர்ஸைத் திறந்து 18 ஹோல் படத்தையும் ஒருமுறை ஓட்டிவிட்டால் போனில் தங்கிவிடும். பிறகு முதல் டீயில் (ஹோலின் முதல் அடி அடிக்கும் இடம்) ஆப் இடத்தைப் பிடித்த பின் ஏரோப்ளேன் மோட் போடலாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சிக்னலை வாங்குவது மட்டும்தான், டவர் இல்லாமலும் ஓடும். டவர் சரியாகக் கிடைக்காத மலைக் கோர்ஸில் இதனால் நன்றாகவே மிச்சமாகும். டேட்டா இல்லாமல் குளிர்ந்த நிலையில் ஜிபிஎஸ்ஸை எழுப்பினால் மட்டும் முதல் பிடிப்புக்குச் சில நிமிடம் ஆகும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் பிடிப்பு, அப்புறம் மோட்.

ஆண்ட்ராய்டில் இரண்டு அனுமதி பாருங்கள். இருப்பிட அனுமதியில் 'துல்லியமான இடம்' இயங்க வேண்டும், அது அணைந்திருந்தால் போன் ஆப்புக்குத் தோராயமான பகுதியைத்தான் சொல்லும், பக்கத்துத் தெருவில் நிற்பதாகக் கூடக் காட்டும். பேட்டரி பகுதியில் அந்த ஆப்புக்கு 'கட்டுப்பாடு இல்லை'. இல்லாவிட்டால் பையில் போட்டதும் போன் ஆப்பைக் கொன்றுவிடும், அடித்த ஷாட் பதிவு பாதியில் அறுந்துபோகும். பேட்டரி சேமிப்பு மோடை ஆட்டத்தின்போது போடாதீர்கள், பல போனில் திரை அணைந்ததும் இருப்பிடத்தையும் நிறுத்திவிடும்.

சென்னை மே மாத வெயில் தனிக் கதை. ஐபோனுக்கு ஆப்பிளே 35 டிகிரி சுற்றுப்புற வெப்பம் வரைதான் சொல்கிறது. பக்கியின் டேஷ்போர்டில் கருப்பு போன் அதைத் தாண்ட பத்து நிமிடம் போதும். திரை மங்கும், பிறகு சார்ஜ் ஏறாது. பையின் உள் பக்கப் பையில், துண்டுக்கு அடியில். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் இருந்தாலும் வெயிலில் வைத்துக்கொண்டு சார்ஜ் போட வேண்டாம்.

காந்தம் வைத்த கவர் ஜிபிஎஸ்ஸைக் கெடுக்காது. திசைகாட்டியைக் கெடுக்கும், படம் திரும்பிக்கொண்டு நிற்கும். தூரம் சரி, படம் மட்டும் கோணல் என்றால் கவரைக் கழற்றிப் பாருங்கள்.

தாவலுக்கு: தானாக ஹோல் மாற்றும் தேர்வை அணையுங்கள். குறுகலான நகரக் கோர்ஸில் ஒரு கிரீனும் இன்னொரு டீயும் இருபது யார்டில் இருக்கும், ஆப் எதை நம்பும்? கையால் மாற்றுவதே மேல். ஷாட்கன் ஸ்டார்ட் (எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஹோலில் தொடங்குவது) என்றால் ஆட்டத்தைத் தொடங்கும்போதே ஆரம்ப ஹோலைத் தேர்ந்தெடுங்கள். முதல் ஹோலில் தொடங்கிவிட்டுப் பின்னால் மாற்றினால் சில ஆப்பில் முன் ஒன்பது, பின் ஒன்பது கூட்டல் கலைந்துபோகும்.

---

கார்டு_பார்ப்பவர்:

நான்காவது கேள்வி. போர்டுதான் சரி. ஆப்பில் 18.4 ஐ இண்டெக்ஸ் என்ற கட்டத்தில் போடாமல் நேரடி ஹேண்டிகேப்பாகப் போட்டிருக்கிறீர்கள், அது 18 என்று எடுத்துக்கொண்டது. 92 − 18 = 74.

கணக்கு இப்படி: இண்டெக்ஸ் × (ஸ்லோப் ÷ 113) + (கோர்ஸ் ரேட்டிங் − பார்). ஸ்லோப், ரேட்டிங் இரண்டும் கோர்ஸ் எவ்வளவு கடினம் என்று சொல்லும் எண்கள், பார் என்பது எதிர்பார்க்கும் அடி எண்ணிக்கை. உதாரணத்துக்கு ஸ்லோப் 124, ரேட்டிங் 70.6, பார் 71 என்று வைப்போம். 18.4 × 124 ÷ 113 = 20.19. அதில் 0.4 கழித்தால் 19.79. கோர்ஸ் ஹேண்டிகேப் 20. தனிநபர் ஸ்ட்ரோக் பிளே (மொத்த அடியை எண்ணும்) போட்டிக்கு 95 சதவீதம்: 18.80, அதாவது 19. 92 − 19 = 73. முழுமையாக்குவதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். 20 ஆக்கிவிட்டு 95 சதவீதம் எடுத்தால் இங்கே அதே 19 வரும், எல்லா எண்ணுக்கும் அப்படி வராது.

உங்கள் கோர்ஸின் உண்மையான எண்கள் கிளப் கார்டில் அல்லது நோட்டீஸ் போர்டில், டீ வாரியாக இருக்கும். ஆப்பில் இருப்பதோடு நான்கை ஒப்பிடுங்கள்: டீ நிறம், ஸ்லோப், ரேட்டிங், ஒவ்வொரு ஹோலின் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (எந்த ஹோலில் முதலில் சலுகை ஷாட் என்ற வரிசை எண்). கடைசிதான் அதிகம் தப்பும். கிளப் இண்டெக்ஸ் வரிசையை மாற்றியிருக்கும், ஆப்பில் பழையது. மொத்த நெட் மாறாது, ஆனால் ஸ்டேபிள்ஃபோர்டு (ஹோல் வாரியாகப் புள்ளி தரும் முறை) புள்ளி மாறும், மேட்ச் பிளேயில் (ஹோலுக்கு ஹோல் வெற்றி தோல்வி) எந்த ஹோலில் சலுகை ஷாட் கிடைக்கும் என்பதே மாறிவிடும். சண்டை வருவது அங்கேதான்.

ஹேண்டிகேப்புக்காக ஸ்கோர் ஏற்றும்போது ஒரு ஹோலுக்கு உச்சவரம்பு நெட் டபுள் போகி: பார் + 2 + அந்த ஹோலில் உங்களுக்குக் கிடைக்கும் சலுகை ஷாட். இதற்கு 19 இல்லை, கோர்ஸ் ஹேண்டிகேப் 20 ஐ எடுக்க வேண்டும். எல்லா ஹோலிலும் ஒன்று, ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 1, 2 ஹோல்களில் இரண்டு. ஆகவே இண்டெக்ஸ் 1 பார் 4 இல் உச்சம் 8, இண்டெக்ஸ் 7 பார் 4 இல் 7. நீங்கள் 10 அடித்திருந்தாலும் கார்டில் 10 எழுதுங்கள், குறைப்பது ஏற்றும்போதுதான். ஆப் தானாகக் குறைத்துக் காட்டும் எண்ணைப் போட்டிக் கார்டில் எழுதிவிடாதீர்கள்.

போனில் ஸ்கோர் போடுவது அடுத்த டீயில். கிரீனில் நின்று தட்டிக்கொண்டிருந்தால் பின்னால் வருபவர் முறைப்பார். பட் எண்ணிக்கை, பெனால்டி இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் கேட்கும் ஆப்பில் பெனால்டி மொத்தத்தில் சேர்கிறதா என்று ஒருமுறை சோதியுங்கள். சிலவற்றில் அது வெறும் புள்ளிவிவரம், மொத்தத்தை நீங்கள்தான் கூட்டிப் போட வேண்டும்.

போட்டியில் ஆப் கார்டு அதிகாரபூர்வம் ஆவது கமிட்டி அந்த வடிவத்தை ஏற்றால் மட்டுமே. இல்லாவிட்டால் மார்க்கர் எழுதிய காகிதக் கார்டு, இருவர் கையெழுத்து. விதி 4.3: 2019 முதல் தூரம் பார்க்க அனுமதி உண்டு, கமிட்டி உள்ளூர் விதி போட்டுத் தடுத்தால் தவிர. ஏற்ற இறக்கம் அளப்பது கூடாது, பந்து கிடக்கும் இடத்தை வைத்து ஆப் கிளப் சொல்வதைப் பயன்படுத்துவதும் கூடாது. ஸ்ட்ரோக் பிளேயில் முதல் மீறலுக்கு இரண்டு ஷாட், இரண்டாவதற்குத் தகுதி நீக்கம். போட்டி மோட் என்ற தேர்வு இருந்தால் முதல் டீயிலேயே போட்டுவிடுங்கள்.

---

மலைக்காற்று:

ஊட்டி, கொடைக்கானல் போறவங்களுக்கு ஒரு சேர்க்கை. ஊட்டி சுமார் 2,200 மீட்டர் உயரம். காத்து மெல்லிசு, பந்து 8 சதவீதம் வரைக்கும் கூடப் போகும். சென்னையில் 150 போற 7 அயர்ன் அங்க 160 தாண்டும். ஆப் காட்டற 150 சரிதான், உங்க கிளப் பட்டியல்தான் மாறணும். ஆப்பில் சென்னை ஷாட்டுகளோட சேர்த்து ஊட்டி ஷாட்டையும் பதிவு பண்ணினா சராசரி ரெண்டு ஊருக்கும் ஆகாது. தனி பை ஒண்ணு உருவாக்கி அதில் போடுங்க.

மேடு பள்ளத்துக்கு கைக்கணக்கு: மூணு அடி மேடுன்னா ஒரு யார்டு கூட்டு, பள்ளம்னா கழி. 30 அடி மேல இருக்கிற கிரீன் 150 காட்டினா 160 மாதிரி ஆடும். மனசில் போடற கணக்குக்கு விதியில் தடை கிடையாது.

மரத்தடியில் நின்னு தூரம் பார்க்காதீங்க. திறந்த வெளியில் போன் 5 மீட்டர் சுமாருக்குள்ள சொல்லும், அடர்ந்த மரத்துக்குக் கீழ எண் ஆட ஆரம்பிச்சிடும். பந்து மரத்துக்குள்ள கிடந்தா ஃபேர்வேல (டீக்கும் கிரீனுக்கும் நடுவில் திறந்த புல்வெளி) பந்துக்கு நேர் பக்கவாட்டில் வந்து நின்னு பார்த்துட்டு உள்ள போங்க.

---

ஸ்லைஸ்_மன்னன்:

இண்டெக்ஸ் கட்டம் இருந்தது, கீழே மறைந்திருந்தது. இப்போது 19 வருது. தானாகத் தாவுவதையும் அணைத்துவிட்டேன். ஸ்ட்ரோக் இண்டெக்ஸை கார்டோடு வைத்துப் பார்த்தால் 4வது ஹோலும் 13வது ஹோலும் இடம் மாறியிருக்கு. ஆப்காரர்களுக்கு 11வது கிரீனோடு சேர்த்து இதையும் எழுதிப் போட்டாச்சு.