இன்டேக் குழாய்க்கு வெல்டிங்கா, எபாக்சியா?

வேகத்தடை:
என்னிடம் 100 சிசி இரண்டு ஸ்ட்ரோக் பைக் ஒன்று இருக்கிறது. கார்புரேட்டரைச் சற்றுப் பெரியதாக மாற்றினேன். அதைச் சிலிண்டரோடு இணைக்கும் பழைய இன்டேக் குழாயின் வாய் அதற்குப் பொருந்தவில்லை. புதிதாக ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். சிலிண்டரில் உட்காரும் ஃபிளாஞ்சுக்கு 8 மி.மீ. கனமுள்ள 6061 ரக அலுமினியத் தகடு, குழாய்க்கு 3 மி.மீ. சுவருள்ள 6063 ரக அலுமினியம். குழாய் 20 டிகிரி சாய்ந்து தகட்டில் சேர வேண்டும். இந்த இடத்தை டிக் (டங்ஸ்டன் முனை) வெல்டிங்கில் போடுவதா, சூடு தாங்கும் எபாக்சிப் பசையால் ஒட்டுவதா? எங்கள் ஊரில் அலுமினியம் வெல்டிங் செய்பவர் ஒரே ஒருவர்தான். அவர் செய்துவைத்திருந்த வேலையைப் பார்த்துவிட்டுப் பயந்துபோய்த் திரும்பினேன்.

லேத்துப்பட்டறை:
வெல்டிங்தான். யோசிக்க ஒன்றுமில்லை தம்பி. பசை என்பது நாற்காலிக் கால் ஆடினால் போடுவது. அதுவும் இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் எத்தனையோ பசைகளை மெல்ல இளக்கிவிடும்.

பசைக்காரன்:
நாற்காலிக் கால் என்கிறார் லேத்துப்பட்டறை ஐயா. 1996இல் வந்த லோட்டஸ் எலீஸ் காரின் சட்டகமே அலுமினியத் துண்டுகளை எபாக்சியால் ஒட்டிச் செய்ததுதான். வெல்டிங்கை அவர்கள் தவிர்த்ததற்குக் காரணம் உண்டு. சூட்டால் பதப்படுத்தி வலுவேற்றிய 6061-டி6 தகட்டில் வெல்டிங் சூடு பட்ட ஓரம் ஏறக்குறைய பாதி வலுவை இழக்கிறது. அதை ஈடுகட்டக் கனமான துண்டு வேண்டும்.

இங்கே அதைவிடப் பெரிய தொல்லை ஃபிளாஞ்ச் வளைவது. அலுமினியம் சூட்டை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளாது, தகடு முழுக்கப் பரப்பிவிடும். குளிரும்போது பற்றுவைத்த பக்கமாக இழுத்துக்கொள்ளும். முகம் வளைந்த ஃபிளாஞ்ச் காற்றை உள்ளே விடும். இரண்டு ஸ்ட்ரோக்கில் கூடுதல் காற்று புகுந்தால் கலவை மெலியும், பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

லேத்துப்பட்டறை:
எலீஸைப் பற்றிப் பாதியைத்தான் சொல்கிறீர்கள். அந்தப் பசை அடுப்பில் வைத்துச் சுட்டு இறுக்கியது. ஒட்டின இடம் உரிந்து வராமலிருக்க அங்கங்கே திருகும் போட்டிருக்கிறார்கள். அந்தச் சட்டகம் சிலிண்டருக்கு ஒரு சாண் தள்ளி உட்காரவும் இல்லை.

பாதி வலு போனால்தான் என்ன? இந்தக் குழாய் சுமப்பது ஒரு கார்புரேட்டரை. மிஞ்சும் பாதியே தாராளம். வளைவுக்கும் வழி இருக்கிறது. ஃபிளாஞ்சைக் கனமான இரும்புத் தகட்டின்மேல் போல்ட் போட்டு இறுக்கி வெல்டிங் செய்ய வேண்டும். ஆறியபின் லேத்தில் முகம் சீவ வேண்டும். 8 மி.மீ. தகட்டில் அரை மி.மீ. சீவினால் குறைந்துவிடாது.

வெல்டிங்கில் உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் கம்பி 4043 ரகம் என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் 5356ஐ நீட்டுவார், அது வேண்டாம். அதில் மக்னீசியம் 5 சதவீதம். 65 டிகிரிக்கு மேல் நெடுநாள் இருந்தால் அரித்து விரிசல் விடும் குணம் அதற்கு உண்டு.

சூடு விஷயத்தில் ஒரு கதை. 2025 மார்ச்சில் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் விமான நிலையத்தில், சொந்தமாகக் கட்டப்பட்ட கோஸி மார்க் 4 என்ற சிறு விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுந்தது. எஞ்சினுக்குக் காற்று போகும் முழங்கைக் குழாய் முப்பரிமாண அச்சில் செய்த பிளாஸ்டிக். சூட்டில் இளகிச் சரிந்து காற்றை அடைத்துவிட்டது. 105 டிகிரி வரை தாங்கும் என்று நம்பிப் போட்டது. சோதித்தபோது சுமார் 53 டிகிரியிலேயே இளகியது.

பசைக்காரன்:
அது எபாக்சி அல்ல, பிளாஸ்டிக். அந்த விமானத்தின் மூல வரைபடத்தில் இருந்ததே கண்ணாடியிழையும் எபாக்சியும்தான். ஆனால் குழாயின் நுழைவாயில் ஒரு அலுமினியக் குழாய்த் துண்டு வைக்கச் சொல்லியிருந்தது. விழுந்த விமானத்தில் அந்தத் துண்டு இல்லை. நான் சொல்ல வருவதும் அதுதான்: சுமையைப் பசையின் தலையில் ஏற்றாதீர்கள். குழாயின் முனையை அகட்டி, சிலிண்டர் பக்கமிருந்து தகட்டுக்குள் நுழைத்துவிடுங்கள். அகன்ற வாய் தகட்டின் பள்ளத்தில் அமரட்டும். பசை விட்டாலும் கார்புரேட்டர் குழாயோடு கழன்று விழாது. பசையின் வேலை காற்றை அடைப்பது மட்டும்.

லேத்துப்பட்டறை:
பசை விட்டால் அந்தத் தூள் எங்கே போகும்? நேராகக் கிராங்க் அறைக்கு. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

எண்ணெய்க்கை:
இருவரும் சண்டையை நிறுத்தினால் ஒன்று கேட்கலாமா? ஒரே அலுமினியக் கட்டியில் குடைந்து எடுத்தால் இணைப்பே வேண்டாமே.

லேத்துப்பட்டறை:
எடுக்கலாம். சாய்ந்த துளைக்கு நான்கு தாடைச் சக்கில் கோணம் பிடிப்பதற்குள் அரை நாள் போய்விடும். கூலி கொடுக்கத் தயாரென்றால் நானே செய்து தருகிறேன்.

வேகத்தடை:
இரண்டையும் வெட்டுத்துண்டில் செய்துபார்த்தேன்.

பசை: எமரித் தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, உடனே ஒட்டினேன். டப்பாவில் 150 டிகிரி என்று போட்டிருக்கிறது. இரண்டு நாள் வைத்தபின் கல் மாதிரி இருந்தது. கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் போட்டு, இடுக்கியால் எடுத்து, திருப்புளி முனையால் அழுத்தினேன். செருப்புத் தோல் போல அமுங்கியது. ஆறியதும் மறுபடியும் கல்.

பசைக்காரன்:
அறைச் சூட்டிலேயே இறுக விட்டுவிட்டீர்கள். அந்த 150 வேண்டுமானால், இறுகியபின் அடுப்பில் படிப்படியாகச் சூடேற்ற வேண்டும். டப்பாவோடு வரும் தாளில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. ஓட்டி நிறுத்தியதும் சிலிண்டர் சூடு குழாயில் ஏறும். அதற்கு இப்போதைய ஒட்டு தாங்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

லேத்துப்பட்டறை:
அப்பாடா.

வேகத்தடை:
வெல்டிங்கையும் கேளுங்கள். கூடவே நின்று, துருப்பிடிக்காத எஃகுத் தூரிகையால் தேய்க்கச் சொன்னேன். ஏசி மின்னோட்டத்தில்தான் போட்டார். பற்று வெள்ளியாக, மீன் செதில் அடுக்கியது போல வந்தது. ஃபிளாஞ்சைக் கண்ணாடிமேல் வைத்தால் 0.2 மி.மீ. தகடு ஒரு மூலையில் நுழைகிறது, அதைச் சீவிவிடலாம். ஆனால் வாயை அடைத்துக் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவினால், பற்று முடியும் இடத்தில் ஒரே ஒரு குமிழி நின்று நின்று வருகிறது.

பசைக்காரன்:
அந்த ஊசித் துளையை எதை வைத்து அடைக்கப் போகிறார்கள் என்று லேத்துப்பட்டறை ஐயாவிடம் கேளுங்கள்.

லேத்துப்பட்டறை:
கடைசியில் மின்னோட்டத்தைச் சட்டென்று நிறுத்தியிருக்கிறார், குழி விழுந்துவிட்டது. அந்த இடத்தை மட்டும் அரத்தால் திறந்து மறுபடியும் ஒரு சொட்டு 4043. எபாக்சி டப்பாவை அவர் பக்கம் கொண்டுபோகாதீர்கள் தம்பி.